த்ராட்டிலை இழுத்தது யார்

அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது, எனக்கு முப்பத்திரண்டு. அவன் விமானம் ஓட்டக் கற்றுத்தருகிறவன், நான் கற்றுக்கொள்ள வந்தவன். அதனால் அவன் என்னை 'ஏலே' என்பான், நான் அவனை 'சார்' என்பேன். இந்த ஏற்பாட்டை நான் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. வாய் சார் என்று சொல்லும், வயிறு எரியும். இங்கே எழுதும்போதாவது அவன் இவன் என்றே எழுதிக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் இருக்கிற சின்னப் புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, திருநெல்வேலி ரோட்டிலிருந்து உள்ளே போனால், முள் உடைமரம் மண்டிய ஒரு பொட்டல். அதில்தான் அந்தப் பறக்கும் பள்ளி இருந்தது. பெயர் வேண்டாம். ஒரு ஓடுதளம், தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய மூன்று சின்ன விமானங்கள், ஏ.சி. வேலை செய்யாத ஒரு வகுப்பறை. பயிற்சிக்கு வந்தவர்களில் நான்தான் மூத்தவன். மற்றவர்கள் எல்லாம் பிளஸ் டூ முடித்த கையோடு வந்த பொடிசுகள்.

நான் மணப்பாட்டுக்காரன். பதினாலு வயதிலிருந்து அண்ணனோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனேன். இருபதில் கப்பலுக்குப் போய், பத்து வருஷத்துக்கு மேல் இன்ஜின் அறையில் கிடந்தேன். அப்புறம் ஏன் விமானம் என்று கேட்காத ஆள் ஊரில் கிடையாது. கப்பலின் அடியில் வெயிலே படாமல் கிடந்தவனுக்கு ஒரு தடவையாவது மேலே போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. வேறு பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன். திரும்பிப் போக வழி வைக்காமல்தான் வந்தேன், அது என் குணம்.

அவன் மில்லர்புரத்துக்காரன். அப்பாவுக்கு வீட்டோடு சேர்ந்த ஹார்டுவேர் கடை. வெளியூரில் படித்து, லைசென்ஸ் வாங்கி, பயிற்சி தரும் தகுதியும் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப்பக்கமே வந்துவிட்டான். நன்றாக ஓட்டுவான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் இன்னும் கேவலமானவன் ஆகிவிடுவேன். அவன் இறக்கினால் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாது. எனக்கு ஆத்திரம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் நாளே அவனுக்கும் எனக்கும் ஆகவில்லை. விமானத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்தினதும் மூக்கைச் சுளித்தான். "என்னலே, வீட்டுல இருந்து அப்படியே வாரியா? மீன் வாடை அடிக்கி" என்றான். நான் அன்றைக்குப் புது சோப்பு போட்டுக் குளித்து, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தேன். அவன் மூக்குக்கு என்ன தெரிந்ததோ, என் ஊர்ப்பெயரைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு வந்த வாடைதான் அது. பல்லைக் கடித்துக்கொண்டு சீட் பெல்ட்டைப் போட்டேன்.

மேலே போவதும் திரும்புவதும் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. இறக்குவதுதான் வரவில்லை. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மேல்காற்று கண்மண் தெரியாமல் அடிக்கும். கடற்கரையில் அதைக் கச்சான் என்போம். அந்தக் காற்றில் இன்ஜினை முழுக்க அடக்கிவிட்டு இறங்கக்கூடாது. கொஞ்சம் பவர் இருக்கவேண்டும். சக்கரம் தரையில் பட்டு விமானம் துள்ளினால், த்ராட்டிலை, அதாவது இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழை, ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி, மூக்கை நிதானமாகப் பிடித்து, மறுபடி மெதுவாக இறக்கவேண்டும். துள்ளியிருக்கும் நேரத்தில் பவரை எடுத்தால் தீர்ந்தது. அங்கே விமானம் பறக்காது, விழும்.

அந்தக் குமிழ் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவன் வலது கையால் அதைப் பிடித்திருப்பான். பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளன் தன் இடது கையை அதற்கு ஒட்டினாற்போலவே வைத்திருப்பான், ஏதாவது ஆனால் சட்டென்று பிடிக்க. இரண்டு கையும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நடந்தது ஒரு காலை வேளையில். சக்கரம் பட்டது, துள்ளியது. நான் பவரைத் தள்ளினேன். தள்ளினது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேலே எழும்பி, இருக்கையில் உடம்பு லேசான அந்த நொடியில் இன்ஜினின் சத்தம் அப்படியே அடங்கிப்போனது. அடுத்தது முதுகெலும்பில் விழுந்த அடி. பல்லெல்லாம் ஆடிப்போனது.

விமானம் ஓடி நின்றதும், "பவர ஏம்ல எடுத்த?" என்றான்.

"நான் எடுக்கல்ல சார்."

"பின்ன, பேயா எடுத்துச்சி?"

"நான் தள்ளினேன். நீங்கதான் எடுத்திருக்கணும்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "தப்பும் பண்ணிட்டு, என் மேல பழியும் போடுதியா?" என்றான். அன்றைக்கு எங்களுக்குள் விழுந்தது முடிச்சு.

இப்படி ஓங்கி இறங்கிவிட்டால் அந்த விமானத்தை உடனே பறக்க விடமாட்டார்கள். சக்கரக் கால், இன்ஜினைத் தாங்கும் சட்டம், எல்லாவற்றையும் மெக்கானிக்குகள் பிரித்துப் பார்க்கவேண்டும். இரண்டு நாள் போனது. வரிசையில் இருந்த மற்ற பயல்களின் முறையும் போனது. கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சில் எவனும் உட்காரவில்லை. போங்கடா என்று நானும் தனியாகத் தின்றேன்.

இரண்டாவது தடவை பெரிதாகப் போயிற்று. அதே மாதிரி துள்ளல், அதே மாதிரி நான் தள்ளினேன், அதே மாதிரி உச்சியில் சத்தம் செத்தது. இந்த முறை மூக்குச் சக்கரம் முதலில் விழுந்தது. அதன் கால் மடங்கி, முன்னால் சுற்றுகிற விசிறி தரையைச் சுரண்டித் தீப்பொறி பறந்தது. விமானம் மூக்கை ஊன்றிக்கொண்டு ஓடுதளத்தின் ஓரத்து மண்ணில் போய் நின்றது. நான் நாக்கைக் கடித்திருந்தேன். அவன் நெற்றி முன்பக்கத்தில் மோதிக் கிழிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நெற்றியில் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு, கொட்டகைக்குள் எல்லார் முன்னாலும் வைத்து அவன் கத்தினான். "மீன் கூடைய இறக்குத மாதிரி இறக்குதான். ஏலே, அது ரன்வே. ஒங்க கடல்தண்ணி மாதிரி வாங்கிக்கிடாது. போய்க் கட்டுமரம் தள்ளு, போ."

பயல்கள் சிரித்தார்கள். ஒருத்தன் அந்த இறக்கத்தைத் தூரத்திலிருந்து மொபைலில் எடுத்து வைத்திருந்தான். சாயங்காலம் அது வாட்ஸ்அப் குழுவில் வந்தது, கீழே 'மணப்பாட்டுப் படகு கரை சேர்ந்தது' என்று எழுதி. அவனும் அதற்கு ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தான். நெற்றியில் இரண்டு தையல் போட்டுக்கொண்டு படுத்திருந்தவனுக்கு அதற்கு மட்டும் கை வந்தது.

தலைமைப் பயிற்சியாளர் வெளியூர்க்காரர், ராணுவத்தில் பறந்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுவார், எதையும் காகிதத்தில்தான் நம்புவார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு முறை ஆயிடுச்சு. உங்களை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு நான் யோசிக்கணும்" என்றார். இங்கிருந்து பெயரை அடித்து அனுப்பினால், அந்தக் குறிப்போடு வேறெந்தப் பள்ளியும் சேர்க்காது. கப்பல் வேலையும் போயிற்று. ஊருக்குப் போய் அண்ணனுக்குப் பின்னால் நின்று வலை இழுக்கவேண்டியதுதான்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். பயிற்சியாளர் என் மேல் உள்ள வெறுப்பில், நான் தள்ளும் த்ராட்டிலை இரண்டு தடவையும் வேண்டுமென்றே இழுத்துவிட்டார், அவர் கை எப்போதும் அங்கேயேதான் இருக்கிறது, என் ஊரையும் பிழைப்பையும் சொல்லி இழிவாகப் பேசுகிறார், அதற்கு அத்தனை பேரும் சாட்சி என்று எழுதினேன். எழுத எழுத எனக்கே உறுதி கூடியது. நான் பொய் எழுதவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்பித்தான் எழுதினேன்.

தலைமைப் பயிற்சியாளர் இரண்டு முறை படித்தார். "இது பெரிய குற்றச்சாட்டு. ஒரு இன்ஸ்ட்ரக்டர் ஸ்டூடண்ட்டோட உயிரோட விளையாடினாருன்னு எழுதியிருக்கீங்க. இதுல நிப்பீங்களா?"

"நிப்பேன் சார்."

எங்கள் மாதிரிச் சின்ன விமானத்தில் பேச்சையோ கையசைவையோ பதிவு செய்கிற பெட்டி எதுவும் கிடையாது. அவன் வாய், என் வாய், இரண்டுதான் சாட்சி. திங்கட்கிழமை விசாரணை என்றார். அதுவரை இரண்டு பேரும் பறக்கக்கூடாது. இரண்டு பேரில் ஒருத்தன் அன்றைக்கு வெளியே போவான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருச்செந்தூர் வழியாக ஊருக்குப் போனேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆகாசத்துல எடமில்லையாக்கும்" என்றான். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினான். "அந்தப் பயல ரெண்டு சாத்து சாத்தாம காயிதமா எழுதிக் குடுத்துட்டு வந்த? நாளைக்கு வள்ளத்துக்கு ஆள் கொறையுது, நீ வா" என்றான். சும்மா இருந்தால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. சரி என்றேன்.

சனிக்கிழமை விடியுமுன் போனோம். வலையில் மீன் பெரிதாக ஒன்றும் படவில்லை. வெயில் ஏறினதும் திரும்பினோம். கரை நெருங்கும்போது அண்ணன், "கை மறந்து போச்சான்னு பாப்பம், நீ கரையேத்து" என்று பின்னால் இருந்து எழுந்து எனக்கு இடம் விட்டான்.

எங்கள் வள்ளத்தின் இன்ஜினுக்கு அண்ணன் தானே பொருத்தின ஒரு இரும்புக் கம்பி உண்டு. முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் அடங்கும். இடது கையில் சுக்கான், வலது கையில் அந்தக் கம்பி. கரைக்கு வரும்போது வேகமாக வரவேண்டும், இல்லாவிட்டால் அலை முந்திக்கொண்டு பக்கவாட்டில் புரட்டிவிடும். ஆனால் கடைசி அலை வள்ளத்தைத் தூக்கி, உட்கார்ந்த இடத்தில் உடம்பு லேசாகிற அந்த நொடியில் இன்ஜினை அடக்கிவிடவேண்டும். அடக்காவிட்டால் கீழே சுற்றுகிற விசிறி மணலில் கடித்து முறிந்துபோகும். வள்ளம் மணலில் மொத்தென்று விழும், விழட்டும், அதற்கென்று செய்ததுதான் அது. பதினாலு வயதில் விசிறியை ஒரு தடவை முறித்து அப்பாவிடம் துடுப்பால் அடி வாங்கியிருக்கிறேன். அதற்கப்புறம் முறித்ததில்லை.

கடைசி அலை தூக்கியது. உடம்பு லேசானது. என் வலது கை கம்பியை இழுத்தது. இன்ஜின் சத்தம் செத்தது. வள்ளம் மணலில் மொத்தென்று விழுந்தது.

அண்ணன் இறங்கிக் கயிற்றைப் பிடித்தான். நான் இறங்கவில்லை. அந்தச் சத்தம் செத்த விதம் எனக்குத் தெரியும். இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். அடி விழுந்த விதமும் தெரியும்.

"திரும்பக் கொண்டு போகணும்" என்றேன்.

"எங்க?"

"அலைக்கு அந்தப் பக்கம். திரும்ப ஒருக்க கரையேத்தணும்."

அண்ணன் முறைத்தான். ஆனாலும் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டான். இரண்டாவது முறை, கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் எதுவும் செய்யச் சொல்லாமலே அது இழுத்தது. மூன்றாவது முறை, இழுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பிடித்தேன். இழுக்கவில்லை. விசிறி மணலில் போய்க் கடித்தது. அடியில் நொறுங்குகிற சத்தம் கேட்டு, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் என் பிடரியில் ஒன்று வைத்தான். "ஒனக்கு கிறுக்கா பிடிச்சிருக்கு? அங்கன ஒடச்சது போதாதுன்னு இங்கன வந்தும் ஒடைக்கியோ?" என்று ஊர் கேட்கத் திட்டினான். திட்டினது ஒன்றும் காதில் விழவில்லை. அந்தப் பொடிப்பயல் சொன்னது சரி, இழுத்தது நான்தான், என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போனேன். நன்மை, அதாவது பாதிரியார் கொடுக்கிற அப்பம், மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக்கூடாது என்று முன்னால் போகாமல், இருந்த இடத்திலேயே முழங்காலில் நின்றேன். வெளியே வந்ததும் அண்ணன், "என்னலே, நன்மை எடுக்கல்ல?" என்றான். உண்மையைச் சொன்னேன். "அவன் ஒன்ன மீன் கூடன்னு சொன்னாம்லா?" என்றான். "சொன்னான்." "பின்ன கெடக்கட்டும் விடு." அவனுக்கு அத்தோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது முடிவு பண்ணினேன். திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிடவேண்டும். 'சார், நான் எழுதினது தப்பு. இழுத்தது என் கைதான். எனக்கே தெரியாமல் இழுத்திருக்கிறது. காரணமும் இப்போது தெரிந்துவிட்டது.' இந்த நாலு வாக்கியத்தையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தேன்.

அதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தே இருந்தது. இரண்டு விமானத்தை அடித்தவன், அதோடு பயிற்சியாளர் மேல் பொய்ப்புகார் கொடுத்தவன். அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

திங்கட்கிழமை ஆபீஸ் வராந்தாவில் அவன் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். நெற்றியில் பிளாஸ்டர். சட்டை கசங்கியிருந்தது. எப்போதும் இஸ்திரி கலையாமல் வருகிறவன். நான் கிட்டே போனேன்.

"சார், ஒங்க கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"எங்கிட்ட பேசாத" என்றான், என்னைப் பார்க்காமலே. "ஒங்க ஆட்களுக்கு எழுதவும் தெரியும்னு எனக்கு இப்பதாம்லே தெரியும்."

மூஞ்சியில் அடித்தாற்போல இருந்தது. மனப்பாடம் பண்ணி வைத்திருந்த நாலு வாக்கியமும் எங்கே போயிற்றோ. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், நல்லது கெட்டது எதுவும் நிற்காது. இருந்தாலும், உள்ளே போய்ப் பெரியவரிடம், தலைமைப் பயிற்சியாளரிடம், சொல்லிவிடலாம், இவனிடம் எதற்கு என்று ஒரு மூலையில் இன்னும் நினைப்பு இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே மேசைமேல் என் புகார் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு தாள். அவன் எழுதிக் கொடுத்தது. தலைமைப் பயிற்சியாளர் அதை வாசித்தார். மாணவரின் கைக்குப் பக்கத்தில் பாதுகாப்புக்காகத் தன் கையை வைத்திருந்ததாகவும், துள்ளலின்போது பதற்றத்தில் த்ராட்டிலைத் தானே இழுத்திருக்கக்கூடும் என்று இப்போது நினைப்பதாகவும் அவன் எழுதியிருந்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

"நினைக்கிறீங்களா, தெரியுமா?" என்று பெரியவர் கேட்டார்.

"தெரியல சார்" என்றான். "மூணு நாளா அதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன். நான் இழுக்கலன்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா அவரு அவ்வளவு உறுதியா எழுதியிருக்காரு. ரெண்டு தடவையும் ஒண்ணு போலச் சொல்லுதாரு. எனக்கு அவரப் பிடிக்காது, அது உண்மை. பிடிக்காததுனால கை அப்படிப் போயிருக்குமோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

அதுவரை என்னை 'அவன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவன் 'அவரு' என்றான். வராந்தாவில் என்னைக் குத்தினவனும் இவன்தான். மூன்று நாளாய்த் தூங்காமல், தன் கையைத் தானே நம்பாமல் கிடந்தவன் வேறு எப்படிப் பேசுவான் என்பது எனக்கு அந்த நிமிஷமே விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை.

பெரியவர் என்னிடம் திரும்பினார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அவர் அவசரப்படுத்தவில்லை. நல்ல நேரம் கொடுத்தார். நான் மேசைமேல் இருந்த இரண்டு தாளையும் பார்த்தேன். என் பெயர் பள்ளியில் இருக்கப்போகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அதுவாகவே இருந்துவிடும்.

"இல்ல சார். எல்லாம் எழுதினதுல இருக்கு" என்றேன்.

என்னை வேறொரு பயிற்சியாளரிடம் மாற்றினார்கள். இறக்கும்போது சக்கரம் தரையைத் தொடுகிற சமயத்தில், 'கரை இல்ல, கரை இல்ல' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறக்கினேன். கை இழுக்கவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று அவர் கேட்டதற்கு, "வேண்டுதல் சார்" என்றேன். சிரித்தார். பத்து நாளில் இறக்கம் எனக்கு வசப்பட்டுவிட்டது. துள்ளினாலும் நிதானமாகப் பிடித்து இறக்கினேன். பெரியவர் ஒரு நாள் பார்த்துவிட்டு, "இன்ஸ்ட்ரக்டர் மாறினதும் எவ்வளவு வித்தியாசம்" என்றார். என் புகாருக்கு அதுவும் ஒரு அத்தாட்சி ஆகிப்போயிற்று.

அவனை மூன்று வாரம் பறக்க விடவில்லை. அதன்பின் தலைமைப் பயிற்சியாளரே பக்கத்தில் உட்கார்ந்து அவனைச் சோதிப்பது என்று முடிவாயிற்று. அன்றைக்கு நான் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். காற்று பெரிதாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டுகூட அவன் இறக்கிவிடுவான் என்று எல்லாரும் சொன்னார்கள். விமானம் வந்தது. வழக்கமாக மூக்கைத் தூக்குகிற இடத்தில் அவன் தூக்கவில்லை. அப்படியே வந்து முட்டி, துள்ளி, மறுபடி மூக்கிலேயே விழுந்தது. எனக்கு ஆன மாதிரியே மூக்குச் சக்கரத்தின் கால் மடங்கியது. விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ஓடுதளத்தை விட்டு இறங்கி, உடைமரத்துக்குள் மூக்கைச் செருகி நின்றது.

எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். பெரியவர் தாமாகவே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அடி ஒன்றும் படவில்லை. இடது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் ஃபிளேர் பண்ணல?" என்று பெரியவர் கேட்டார், அதாவது ஏன் மூக்கைத் தூக்கவில்லை என்று. "ரன்வேயப் பாக்கல்ல சார்" என்றான். "கையப் பாத்துட்டு இருந்தேன்."

அந்த வாரமே அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். நான் இருந்து முடித்து லைசென்ஸ் வாங்கினேன்.

ஒரு வருஷம் கழித்து அவன் கடைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு விமானக் கம்பெனியில் என்னை எடுத்திருந்தார்கள். அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவது, அடித்தால் வாங்கிக்கொள்வது, எழுதிக்கொடு என்றால் எழுதிக் கொடுப்பது என்று கிளம்பினேன். இந்த முறை கோபம் வராது என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

மில்லர்புரத்தில் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவன் ஒரு ஆளுக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் பெருத்திருந்தான். நெற்றியில் தையல் போட்ட தடம் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தது நிறுத்தபடி நின்றான். அந்த ஆளை அனுப்பிவிட்டு, தராசுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

"வாங்கண்ணே" என்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னான்.

"இல்ல, நான் ஒரு விஷயம் சொல்லத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"நானும் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றான். "மொபைல எடுப்பேன், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசன்னு வச்சிருவேன். நீங்களே வந்துட்டீங்க. மொதல்ல நான் சொல்லிருதேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஒங்கள அப்படிப் பேசிருக்கக் கூடாதுண்ணே. மீனு, கூடன்னு. சின்னப் பய திமிரு. அது ஒண்ணு. அதவிட, ஒங்க உசுரோட வெளையாடிட்டேன். ரெண்டு தடவ. ஒங்களுக்கு என்னவாச்சும் ஆகிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? இப்பவும் பைக்ல போகும்போது திடீர்னு கையத்தான் பாக்கேன். நெசமாவே எனக்குத் தெரியாமத்தாண்ணே நடந்துச்சி. வேணும்னு செய்யல. அதை மட்டும் நீங்க நம்பணும்."

டீ வந்தது. அவன் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் சொல்லவேண்டியது நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் இந்த ஆள் என்னை எப்படிப் பார்ப்பான் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். அந்த ஒரு தடவையே போதுமாக இருந்தது.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே" என்றான்.

"விடுங்க தம்பி" என்றேன். "நான் எப்பவோ மன்னிச்சாச்சு."